சிக் கொரியாவோட ஸ்பெயின்: இந்தப் பாட்டுல ஸ்பெயின் எங்க இருக்கு?

புதுக்காது

வணக்கம் எல்லாருக்கும். ஜாஸ் பியானிஸ்ட் சிக் கொரியாவோட ஸ்பெயின் பாட்ட கொஞ்ச நாளா விடாம கேட்டுட்டு இருக்கேன். 1972ல ரிட்டர்ன் டு ஃபாரெவர் க்ரூப்போட ரெக்கார்ட் பண்ணது, லைட் ஆஸ் அ ஃபெதர் ஆல்பத்துல கடைசி பாட்டு, கிட்டத்தட்ட பத்து நிமிஷம் ஓடும். எனக்கு கீபோர்டு ஓரளவு வரும், கார்டு பாத்து வாசிச்சிடுவேன், ஜாஸ் பக்கம் இப்பதான் வர்றேன்.

ரெண்டு விஷயம் பிடிபடல. பாட்டோட அமைப்பு என்னன்னே தெரியல, சோலோ போயிட்டு இருக்கும்போது எங்க இருக்கோம், எப்ப திரும்ப முதல்ல வருதுன்னு எண்ணவே முடியல. இன்னொண்ணு, பேரு ஸ்பெயின், எல்லாரும் லாட்டின் ஜாஸ்னு சொல்றாங்க, ஆனா டிரம்ஸ மட்டும் தனியா கவனிச்சா தெற்கு ஸ்பெயின் இசையான ஃப்ளமெங்கோ மாதிரி ஒண்ணுமே இல்ல, பிரேசில் பாட்டு மாதிரி கேக்குது. அப்ப இதுல ஸ்பெயின் எங்கதான் இருக்கு? தெரிஞ்சவங்க விளக்கமா சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

மத்தளம்

உங்க காது சரியா கேட்டிருக்கு தம்பி. டிரம்ஸ் வாசிச்சது ஆயர்ட்டோ மொரேரா, பிரேசில்காரர். அவர் மனைவி ஃப்ளோரா பூரிம் அதே க்ரூப்போட பாடகி, ரியோவுல பிறந்தவங்க. அதனால அந்தத் தாளம் சாம்பாதான், அதுல சந்தேகமே வேணாம்.

சாம்பாவ எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, ரெண்டு எண்ணிக்கைல நடக்கும், அதுல ரெண்டாவது அடிதான் கனமா கீழ இறங்கும். பிரேசில்ல சுர்தோன்னு பெரிய மேளம் இருக்கு, அதோட வேலையே அந்த ரெண்டாவது அடிய நிறுத்தி வைக்கறதுதான். டிரம் செட்ல வாசிக்கும்போது அத கால் பெடல் பாத்துக்கும், மேல கை ரெண்டும் பதினாறாம் பங்கு நெளிவ ஓட விட்டுட்டே இருக்கும். பாஸ் ஸ்டான்லி கிளார்க், அவரும் அந்த ரெண்டாவது அடிலதான் சாய்ஞ்சு வாசிக்கறார்.

கியூபா பக்கம் போனீங்கன்னா கிளாவேன்னு அஞ்சு அடி கொண்ட ஒரு அச்சு இருக்கும், பாட்டு முழுக்க அதுக்குக் கட்டுப்பட்டுத்தான் எல்லாரும் வாசிப்பாங்க. இதுல அது கிடையாது. கொரியாவுக்கு கியூபா தாளம் தெரியாதுன்னு இல்ல, அறுபதுகள் தொடக்கத்துல மோங்கோ சான்டமரியா, வில்லி போபோன்னு தாளவாத்தியக்காரங்க பேண்டுல எல்லாம் வாசிச்சவர் அவர். 1970ல ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் பேண்டுல கொரியாவும் ஆயர்ட்டோவும் ஒண்ணா இருந்தாங்க, அந்தப் பழக்கம்தான் இந்த க்ரூப் வரைக்கும் வந்திருக்குன்னு நான் நினைக்கறேன். லாட்டின்னு ஒரே பேர்ல எல்லாத்தையும் சொல்லிட்டா இந்த வித்தியாசம் எல்லாம் அடிபட்டுப் போயிடுது, எனக்கு அது பெரிய வருத்தம்.

அமைப்பு பத்தி பியானோக்காரங்க சொல்லட்டும்.

ரோட்ஸ் ரசிகை

நான் வர்றேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு, கொஞ்சம் நீளமாவே எழுதறேன் பொறுத்துக்கோங்க.

முதல்ல மெதுவா தாளமே இல்லாம ஒரு பகுதி வருதில்ல, அது கொரியா எழுதினது இல்ல. வோக்கீன் ரோத்ரீகோ 1939ல எழுதின கொன்சியெர்த்தோ தே அரன்ஹூயெஸ், கிட்டாருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதின கான்செர்ட்டோ, அதோட ரெண்டாவது பகுதி, அடாஜியோ, அதாவது மெதுவா போற பகுதி. 1940ல பார்சலோனாவுல முதல்ல அரங்கேறிச்சு. மூல வடிவத்துல கோர் ஆங்லேன்னு ஒபோ குடும்பத்து வாத்தியம் ஒண்ணு அந்த மெலடிய பாடும், கிட்டார் கீழ கார்டு மீட்டும், அப்புறம் கிட்டார் அதே மெலடிய நகாசோட திருப்பிப் பாடும். மைல்ஸ் டேவிஸ் கில் எவன்ஸ் ரெண்டு பேரும் சேர்ந்து 1960ல வெளியிட்ட ஸ்கெட்ச்சஸ் ஆஃப் ஸ்பெயின்ல இதே அடாஜியோ இருக்கு, கொரியாவுக்கு இது மேல காதல் வந்ததே அந்த ரெக்கார்ட் வழியாத்தான்.

அடாஜியோ முடிஞ்சதும் வேகம் பிடிச்சு சாம்பா ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் வர்றதுல ரெண்டு விதமான விஷயம் இருக்குன்னு பிரிச்சு வச்சுக்கோங்க. ஒண்ணு, கீழ கார்டு நகர நகர மேல பாடற மாதிரி போற மெலடி. இன்னொண்ணு, கார்டே இல்லாம ரோட்ஸ் (கொரியா வாசிக்கற எலக்ட்ரிக் பியானோ), ஃப்ளூட், பாஸ் எல்லாம் ஒரே வரிய ஒண்ணா வாசிக்கறது, இடைல இடைல வெட்டி வெட்டி நிக்குமே, கேட்டவங்க யாருக்கும் மறக்காத அந்த யூனிசன் வரி. சோலோ தொடங்கினதுக்கு அப்புறமும் அந்த யூனிசன் வரி நடுவுல நடுவுல வந்துட்டுப் போகும், ஒருத்தர் சோலோ முடிஞ்சு அடுத்தவருக்குக் கைமாறுற இடம் அதுதான். நீங்க தொலைஞ்சு போனா அந்த வரி வர்ற வரைக்கும் காத்திருந்தாலே போதும், எங்க இருக்கோம்னு தெரிஞ்சிடும்.

இப்ப சோலோ அமைப்பு. மொத்தம் 24 பார், அதாவது 24 தாளக் கட்டம். ஜி மேஜர் 7 நாலு பார், எஃப் ஷார்ப் 7 நாலு பார். இந்த எட்டு பாரும் கிட்டத்தட்ட அசையாம நிக்கும். அதுக்கப்புறம் கார்டு ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டு பார்தான், ஈ மைனர் 7, ஏ 7, டி மேஜர் 7, ஜி மேஜர் 7, சி ஷார்ப் 7, எஃப் ஷார்ப் 7, பி மைனர், கடைசியா பி 7. அவ்வளவுதான், திரும்ப ஜி மேஜர் 7.

ஜாஸ் கேட்டுப் பழகினவங்களுக்கு 32 பார் இல்லன்னா 12 பார் ப்ளூஸ் காதுல ஊறி இருக்கும். இது ரெண்டும் இல்ல. பாதிப் பாதியா சமமாவும் உடையாது, எட்டு பார் நிக்கும், பதினாறு பார் ஓடும். நீங்க எண்ண முடியாம போறதுக்குக் காரணமே இதுதான், நாலு நாலு பாரா பழகிட்ட காது ஈ மைனர் வந்ததும் திடீர்னு வேகம் கூடிடுச்சுன்னு நினைக்கும். டெம்போ கூடல, கார்டு மாறுற வேகம்தான் இரட்டிச்சிருக்கு.

புதுக்காது

அக்கா ரொம்ப நன்றி, இப்பவே உக்காந்து எண்ணிப் பாக்கறேன். ஒரு சந்தேகம், பி 7 வந்தா ஈ மைனருக்குத்தான போகணும்? எங்க வாத்தியார் அப்படித்தான் சொல்லிக் குடுத்தார். இங்க ஜி மேஜருக்குப் போறது எப்படி உறுத்தாம இருக்கு?

ரோட்ஸ் ரசிகை

நல்ல கேள்வி. ஈ மைனர் 7ல இருக்கற சுரங்கள் ஈ, ஜி, பி, டி. அதுல ஈய எடுத்துட்டா மிச்சம் ஜி, பி, டி, அது ஜி மேஜர். ஆக பி 7 போக வேண்டிய வீட்டுக்குத்தான் போகுது, ஆனா பாஸ் மட்டும் ஈக்குப் பதிலா ஜில இறங்குது. காது எதிர்பாத்த முக்கால்வாசி கிடைச்சிடும், அஸ்திவாரம் மட்டும் மாறி இருக்கும். அதனாலதான் ஒவ்வொரு ரவுண்டும் முடிஞ்சு திரும்பும்போது முடிஞ்ச உணர்வே வராம மேல தூக்கி விட்ட மாதிரி இருக்கு. நிஜமான ஈ மைனர் எட்டு பார் கழிச்சுத்தான் வருது. இத கவனிச்சதுல இருந்து கொரியா மேல எனக்கு மரியாதை இன்னும் கூடிப் போச்சு.

ஆறுகம்பி

எல்லாரும் நல்லா எழுதி இருக்கீங்க, ஆனா தம்பி கேட்ட முக்கியக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. ஸ்பெயின் எங்க இருக்கு?

நான் கிட்டார், ஃப்ளமெங்கோ கொஞ்சம் வாசிப்பேன். என் பதில் இது. அந்த முதல் எட்டு பார் இருக்கே, ஜி மேஜர் 7ல நின்னு எஃப் ஷார்ப் 7க்கு இறங்குது பாருங்க, அந்த அரைச்சுர இறக்கம்தான் ஸ்பெயின். ஃப்ளமெங்கோவுல நிக்கற கார்டுக்கு ஒரு அரைச்சுரம் மேல இன்னொரு கார்டு எப்பவும் உக்காந்திருக்கும், அங்க இருந்து வழுக்கி கீழ வந்து இளைப்பாறும். ஆண்டலூசியன் கேடன்ஸ்னு சொல்றது இதோட முழு வடிவம், ஏ மைனர், ஜி, எஃப், ஈ. அதையே பி மைனருக்கு மாத்தினா பி மைனர், ஏ, ஜி, எஃப் ஷார்ப். கொரியா அதோட கடைசி ரெண்டு கார்ட மட்டும் வெட்டி எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் நாலு பார் இடம் குடுத்து விரிச்சு வச்சிருக்கார்.

இன்னும் ஒண்ணு சொல்றேன். ஃப்ளமெங்கோ கிட்டார்ல தரந்தான்னு ஒரு வகை உண்டு, ஆல்மெரீயா முர்சியா பக்கம் சுரங்கத் தொழிலாளிங்க பாடின பாட்டுல இருந்து வந்தது, அது வாசிக்கறது எஃப் ஷார்ப் ஃப்ரிஜியன்ல, அதாவது முதல் சுரத்துக்கு அரைச்சுரம் மேலயே அடுத்த சுரம் வர்ற ஸ்கேல்ல. திறந்த கம்பிகள அப்படியே ஒலிக்க விட்டு அந்த எஃப் ஷார்ப் கார்ட பிடிச்சா ஒரு கசப்பு வரும் பாருங்க, அத உணர்ந்தவங்களுக்கு ஸ்பெயின் பாட்டோட அஞ்சாவது பார் என்ன பண்ணுதுன்னு உடனே தெரியும். கொரியா தரந்தாவ நினைச்சு எழுதினார்னு நான் சொல்லல. ரோத்ரீகோவோட அடாஜியோ பி மைனர், அதுல இருந்து வந்தா எஃப் ஷார்ப்ல வந்து நிக்கறது இயல்பு. ஆனா கிட்டார் பிடிச்ச கைக்கு அது சொந்த ஊர் மாதிரி இருக்கும்.

மேளகர்த்தா

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு குறிப்பு. எஃப் ஷார்ப் 7 வர்ற இடத்துல சோலோ வாசிக்கறவங்க பெரும்பாலும் எடுக்கற சுரங்கள் எஃப் ஷார்ப், ஜி, ஏ ஷார்ப், பி, சி ஷார்ப், டி, ஈ. எஃப் ஷார்ப்ப சட்ஜமா வச்சுப் பாடிப் பாருங்க, அது வகுளாபரணம். பி மைனர் பக்கம் ஹார்மோனிக் மைனர் எடுத்தா கீரவாணி. கீரவாணியோட பஞ்சமத்த சட்ஜமா மாத்தினா வகுளாபரணம் வரும், கிரக பேதம் தெரிஞ்சவங்களுக்கு இது பழக்கமான கணக்கு. முதல் நாலு பார்ல ஜிய சட்ஜமா வச்சா கல்யாணியோட சுரங்கள். டி மேஜர் வர்ற இடத்துல சங்கராபரணம்.

அதாவது ஏழு சுரம் பெருசா மாறவே இல்ல, நிக்கற இடம்தான் மாறிட்டே இருக்கு. ஏ மட்டும் அப்பப்ப ஏ ஷார்ப் ஆகுது, சி ஷார்ப் 7 வரும்போது ஈ ஒரு படி மேல ஏறி ஈ ஷார்ப் ஆகுது, கடைசி பி 7ல டி, டி ஷார்ப் ஆகுது.

ரோட்ஸ் ரசிகை

மேளகர்த்தா சார், இது சுரம் கண்டுபிடிக்க அருமையான வழி, நானே என்கிட்ட கத்துக்கறவங்களுக்கு இப்படித்தான் சொல்றேன். ஆனா புதுசா வர்றவங்க ஒண்ணு கவனிக்கணும், ராகமா நினைச்சு ஆலாபனை பண்ண உக்காந்தா கார்டு ஓடிடும். வகுளாபரணத்துக்கு உங்களுக்கு கிடைக்கறது நாலே பார், அதுவும் இந்த வேகத்துல. அதுக்குள்ள அந்த ஜிய அழுத்தி எஃப் ஷார்ப்ல விடணும், ஏ ஷார்ப்ப ஒரு தடவையாவது தொடணும், அந்த ரெண்டு சுரம் வந்தாலே நிறம் வந்துடும். ஃப்ளூட் வாசிக்கற ஜோ ஃபாரெல் அந்த இடத்துல எவ்வளவு கொஞ்சமா வாசிச்சு எவ்வளவு சொல்றார்னு கேளுங்க.

தெற்குத் தெரு

நான் கொஞ்சம் மாறுபடறேன், கோவிச்சுக்காதீங்க. அடாஜியோ இன்ட்ரோ அலங்காரம்தான். நிறைய பேண்டு அத விட்டுட்டு நேரா சாம்பாவுல ஆரம்பிக்கறாங்க, பாட்டுக்கு ஒண்ணும் குறையல. இன்னொரு விஷயம், கொரியா ஸ்பானிஷ்காரரும் இல்ல, மாசசூசெட்ஸ்ல செல்சியால பிறந்த இத்தாலிய வம்சத்துக்காரர். அவர் ஸ்பெயின்னு பேர் வச்சு ஒரு பிரபல கிளாசிக்கல் மெலடிய முன்னாடி ஒட்டிட்டு பிரேசில் தாளத்துல அமெரிக்க ஜாஸ் வாசிச்சா அது ஸ்பெயின் ஆயிடுமா? வெளில இருந்து பாக்கற ஸ்பெயின் அது. பாட்டு எனக்கும் பிடிக்கும், அது வேற.

ஆறுகம்பி

கேக்க வேண்டிய கேள்விதான். ரெண்டு பதில் இருக்கு.

இன்ட்ரோவ விட்டாலும் ரோத்ரீகோ போகமாட்டார். சோலோவுக்கு அடில ஓடற கார்டு வரிசையே அடாஜியோவோட ஹார்மனிய வச்சுக் கட்டினதுதான். ஈ, ஏ, டி, ஜி, சி ஷார்ப், எஃப் ஷார்ப், பின்னு பாஸ் நாலு நாலு சுரமா ஏறிட்டே போகுதில்ல, அந்த ஓட்டம் அங்க இருந்து வருது. அடாஜியோல மெதுவா கனமா நகர்ந்தது இங்க சாம்பா வேகத்துல சுத்துது. அதனால இன்ட்ரோவ வாசிக்காதவங்க ஆதாரத்த மறைச்சிடறாங்க, அவ்வளவுதான், ஆதாரம் உள்ளேயே இருக்கு. வாசிச்சா கேக்கறவங்களுக்கு அந்த உறவு தெரியும், எனக்கு அதனாலேயே இன்ட்ரோ வேணும்.

அடுத்தது, வெளில இருந்து பாக்கற ஸ்பெயின்னு சொன்னீங்க. ரோத்ரீகோவே வலென்சியா பக்கத்து சகுந்தோல பிறந்தவர், சின்ன வயசுலயே கண் பார்வை போனவர், இந்தக் கான்செர்ட்டோவ எழுதினது பாரிஸ்ல. அவர் ஃப்ளமெங்கோ குடும்பம் கிடையாது. அரன்ஹூயெஸ் மாட்ரிட்டுக்குத் தெற்க இருக்கற அரச மாளிகை, அதோட தோட்டம்தான் அவர் மனசுல இருந்தது. அதையும் நீங்க தூரத்து ஸ்பெயின்னு சொல்லலாம்.

ஆனா 2000ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. தோமாத்தீத்தோ, ஆல்மெரீயாவுல பிறந்த கிதானோ (ஸ்பெயின் ஜிப்சி) கிட்டார்காரர், ஃப்ளமெங்கோ பாடகர் கமரோன் தே லா இஸ்லாவுக்கு கடைசி வரைக்கும் வாசிச்சவர், அவரும் டொமினிகன் பியானோ மேதை மிஷேல் கமீலோவும் சேர்ந்து ஒரு டூயட் ஆல்பம் போட்டாங்க. ஆல்பத்தோட பேரே ஸ்பெயின். அடாஜியோல இருந்து ஒரு துண்டு வாசிச்சுட்டு கொரியாவோட பாட்டுக்குள்ள போறாங்க. டிரம்ஸ் கிடையாது, சாம்பா கிடையாது, கிட்டாரும் பியானோவும் மட்டும். லாட்டின் கிராமி விருது ஆரம்பிச்ச முதல் வருஷமே அதுக்கு லாட்டின் ஜாஸ் விருது கிடைச்சுது. ஃப்ளமெங்கோவுக்குள்ளயே பிறந்த ஒரு ஆள் இந்தப் பாட்ட தன் வீட்டுக்குக் கொண்டு போனா, அதுல அவருக்கு அடையாளம் தெரியற ஏதோ ஒண்ணு இருந்திருக்கணும். அது தாளமா இருக்க முடியாது, ஏன்னா தாளத்த அவங்க எடுத்துட்டாங்க. ஜி, எஃப் ஷார்ப், அந்த இறக்கம்தான் மிச்சம் இருக்கு.

மத்தளம்

அந்த டூயட்ட நான் கேட்டிருக்கேன், தோமாத்தீத்தோவோட வலது கை விரல்ல வர்ற தாளமே ஒரு டிரம் செட்டுக்கு சமம். ஆனா ஒரு வார்த்தை என் பக்கமும் சொல்லணும். தாளத்த எடுத்தாலும் ஸ்பெயின் இருக்குன்னு சொல்றது சரி, ஆனா சாம்பாவ எடுத்துட்டா 1972 ரெக்கார்டோட சந்தோஷம் போயிடும். ஃப்ரிஜியன் இறக்கம் இயல்பா சோகமானது, சாம்பா மேல தூக்கிட்டே இருக்கும். ஒண்ணு கீழ இழுக்க இன்னொண்ணு மேல தூக்க, அந்த இழுபறிதான் எனக்கு இந்தப் பாட்டு. கொரியா லா ஃபியஸ்தான்னு இன்னொண்ணு எழுதினார், அதே 1972, ரிட்டர்ன் டு ஃபாரெவரோட முதல் ஆல்பத்துல இருக்கு, அதுல தாளமும் 6/8ல ஸ்பெயின் பக்கமே சாய்ஞ்சிருக்கும், கார்டும் ஈ, எஃப், ஜின்னு ஃப்ரிஜியன்லயே சுத்தும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டா ஸ்பெயின்ல அவர் என்ன புதுசா பண்ணினார்னு புரியும்.

தெற்குத் தெரு

லா ஃபியஸ்தா ஒப்பீடு நல்லா இருக்கு, அதக் கேட்டுட்டு வர்றேன். இன்ட்ரோ விஷயத்துல எனக்கு இன்னும் என் கருத்துதான், மேடைல அத நீட்டி முழக்கி வாசிக்கறவங்கள நிறைய பாத்துட்டேன், சாம்பா வர்றதுக்குள்ள உயிர் போயிடும்.

ரோட்ஸ் ரசிகை

நீட்டி வாசிக்கறது வாசிக்கறவங்க குறை, பாட்டு என்ன செய்யும் 🙂

கொரியாவுக்கே இந்தப் பாட்டு ஒரு கட்டத்துல சலிச்சுப் போயிருக்கு, பேட்டில சொல்லி இருக்கார். எழுபதுகள்ல எங்க போனாலும் இதையே கேப்பாங்க. அவர் பாட்ட கைவிடல, திரும்பத் திரும்பப் பிரிச்சுக் கட்டினார். 1989ல அக்கூஸ்டிக் பேண்ட் ஆல்பத்துல ஜான் பட்டிடூச்சி, டேவ் வெக்கிலோட வாசிச்சத கேளுங்க, தெரிஞ்ச வரி எல்லாம் இடம் மாறி வெட்டுப்பட்டு வரும். பாபி மெக்ஃபெரினோட குரலும் பியானோவும் மட்டும் வச்சு ஒரு தடவை. ஜப்பான் பியானிஸ்ட் ஹிரோமியோட ரெண்டு பியானோல ஒரு தடவை. ஆறு பேர் க்ரூப்புக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் சேத்து எழுதின வடிவத்துக்கு 2001ல கிராமி விருது வந்துது. கச்சேரி கடைசில சின்னச் சின்ன வரியா பியானோல வாசிச்சு ஜனங்கள திருப்பிப் பாட வைப்பார், வரி போகப் போக கஷ்டமாகும், கூட்டம் சிரிச்சுக்கிட்டே பாடும். 2021 பிப்ரவரில அவர் இறந்த செய்தி வந்த அன்னைக்கு நான் போட்டுக் கேட்டது அந்த மாதிரி ஒரு வீடியோதான்.

இத்தனை மாத்தியும் அந்த 24 பார் கார்டு சுற்று மட்டும் அடையாளம் தெரியற மாதிரியே நின்னுது. அதனாலதான் தம்பி, அமைப்பு கேட்டு நீங்க ஆரம்பிச்சது சரியான இடம்.

புதுக்காது

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன மாதிரி எட்டு நிக்குது பதினாறு ஓடுதுன்னு வச்சுக்கிட்டு எண்ணினேன், ஃப்ளூட் சோலோவ முழுசா தொலையாம பிடிச்சிட்டேன்! ஆறுகம்பி அண்ணே சொன்ன ஜி, எஃப் ஷார்ப் இறக்கத்த கீபோர்டுல தனியா வாசிச்சுப் பாத்தேன், அது ரெண்டு மட்டும் போதும், ஊர் தெரியுது. இப்ப வாசிக்க ஆரம்பிக்கணும். இடது கைல கார்ட முழுசா பிடிச்சா கனமா சேறு மாதிரி ஆகுது, எப்படி வைக்கறது?

ரோட்ஸ் ரசிகை

முழுசா பிடிக்காதீங்க. மூலச் சுரத்த பாஸ்காரர் பாத்துப்பார், உங்களுக்கு வேண்டியது கார்டோட மூணாவது சுரமும் ஏழாவது சுரமும், அவ்வளவுதான். ஜி மேஜர் 7க்கு பி, எஃப் ஷார்ப். எஃப் ஷார்ப் 7க்கு ஏ ஷார்ப், ஈ, அதோட அந்த ஜிய மேல வச்சுக்கோங்க, ஸ்பெயின் நிறம் அதுலதான். ஈ மைனர் 7க்கு ஜி, டி. ஏ 7க்கு ஜி அப்படியே நிக்கட்டும், டி மட்டும் சி ஷார்ப்புக்கு இறங்கும். டி மேஜர் 7க்கு சி ஷார்ப் நிக்கும், ஜி எஃப் ஷார்ப்புக்கு இறங்கும். இப்படி ஒரு விரல் நிக்க ஒரு விரல் இறங்கன்னு போனா கை ஓடவே வேணாம். நடு சிக்கு கொஞ்சம் அக்கம் பக்கத்துலயே வாசிங்க, அதுக்குக் கீழ போனாதான் சேறாகும்.

மெட்ரனோம எல்லா அடிலயும் வைக்காம, ரெண்டு எண்ணிக்கைல ரெண்டாவது அடில மட்டும் வைங்க, மத்தளம் அண்ணன் சொன்ன சுர்தோ அங்கதான் இருக்கு. மெதுவாவே வாசிங்க, அந்தக் கனம் ரெண்டாவது அடில விழ ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வேகம் கூட்டலாம். யூனிசன் வரிய இப்போதைக்குத் தொடாதீங்க, சுற்று கைல நின்ன அப்புறம் அதுக்குத் தனியா ஒரு இழை போடுவோம், விரல் வைக்கற முறையே அதுல பெரிய பேச்சு.